ஒரே அளவு வெயில், இரண்டு கணக்கு

மொட்டை மாடியில் சோலார் போட விலைப்புள்ளி கேட்டால், தாளில் ஒரு வரி பெரும்பாலும் இருக்கும்: ஒரு கிலோவாட்டுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் மின்சாரம். வாங்குகிறவர் அதைப் படித்துவிட்டு நேராக விலைக்குப் போய்விடுவார். அந்த 4 எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்கள் குறைவு. அவர் மாடியில் விழும் வெயிலை யாரும் அளந்ததில்லை. அவர் ஊரிலேயே அளந்திருக்க வாய்ப்பு குறைவு. மழைமானி பல ஊர்களில் இருக்கிறது. வெயிலின் ஆற்றலை அளக்கும் பைரனோமீட்டர் அப்படிப் பரவலாக இல்லை. விலை அதிகம், கண்ணாடிக் குமிழில் தூசி படியாமல் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும், குறிப்பிட்ட கால இடைவெளியில் அளவுத்திருத்தமும் செய்ய வேண்டும்.

அதனால், வானிலை நிலையங்களில் ஏற்கெனவே பதிவாகும் வெயில் நேரம், வெப்பநிலை, மேகம் ஆகியவற்றிலிருந்து கதிர்வீச்சைக் கணக்கிட்டு எடுக்கும் முறைகள் நூறாண்டாக வளர்ந்து வந்திருக்கின்றன. இந்தக் கணக்கின் ஒரு பாதி வானியல், அதில் சந்தேகத்துக்கு இடமில்லை. மறு பாதி வளிமண்டலம், அதில் எல்லாமே மதிப்பீடு. இதை எழுத எனக்கு முக்கியக் காரணம் வேறு. தரையில் மொத்தம் எவ்வளவு வெயில் விழுகிறது என்று தெரிந்தால் போதும், சாய்த்து வைத்த பேனலுக்கும் கணக்குப் போட்டுவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது நடக்காது. அந்த வெயில் எந்த விதமாக வந்து சேர்ந்தது என்பதும் தெரிய வேண்டும்.

மேலே எவ்வளவு இருக்கிறது?

வளிமண்டலத்துக்கு வெளியே, சூரியனுக்கு நேர் எதிரே பிடித்த ஒரு சதுர மீட்டர் பரப்பில் சுமார் 1361 வாட் விழுகிறது. ஜனவரித் தொடக்கத்தில் பூமி சூரியனுக்குச் சற்று அருகில் இருப்பதால் இது 3 விழுக்காட்டுக்குச் சற்று மேல் கூடும். ஜூலையில் அதே அளவு குறையும். ஓர் ஊரின் அட்சரேகையும் தேதியும் தெரிந்தால் போதும். அன்று பகல் எத்தனை மணி நேரம், காற்றே இல்லாவிட்டால் தரைக்கு இணையான தளத்தில் எவ்வளவு ஆற்றல் விழும் என்பதைத் துல்லியமாகச் சொல்லிவிடலாம்.

சென்னையை எடுத்துக்கொள்வோம். அட்சரேகை சுமார் 13 பாகை வடக்கு. ஜனவரி நடுவில் பகல் 11.3 மணி நேரம். வளிமண்டலத்தின் மேல் விளிம்பில் கிடைத்தளத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 8.44 யூனிட், அதாவது கிலோவாட் மணி, விழும். ஜூன் இரண்டாம் வாரத்தில் பகல் 12.8 மணி நேரம், ஆற்றல் 10.48 யூனிட். சூரியன் சென்னைக்கு நேர் உச்சியில் வருவது ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் நடுவிலும். இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கிறது. இது பின்னால் முக்கியமாகப் போகிறது.

மணிவாரியாகக் கணக்குப் போடுகிறவர்கள் கடிகாரத்தை அப்படியே நம்பக் கூடாது. இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகைக்கு உரியது. சென்னை அதற்கு மேற்கே இருப்பதால் 9 நிமிடம் பின்தங்குகிறது. பூமியின் சுற்றுப்பாதையால் வரும் ஏற்ற இறக்கத்தையும் சேர்த்தால், சென்னையின் உண்மையான நண்பகல் பிப்ரவரி நடுவில் 12.23-க்கும் நவம்பர் தொடக்கத்தில் 11.53-க்கும் வருகிறது. நாள் மொத்தத்துக்கு இது பெரிதில்லை. மணிக்கணக்குக்கு மிகப் பெரிது.

கருகிய அட்டை சொல்லும் கணக்கு

மேலே இருந்த 8.44-இல் எவ்வளவு கீழே வந்து சேர்ந்தது? இதற்கு நீண்ட காலமாகக் கைகொடுத்த கருவி ஒரு கண்ணாடிக் கோளம். 1853-இல் ஜான் பிரான்சிஸ் கேம்ப்பெல் அமைத்த வடிவத்தை 1879-இல் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் திருத்தினார். கோளம் வெயிலைக் குவித்து, பின்னால் வைத்த அட்டையில் சுட்டுக் கோடு போடும். மேகம் மறைத்தால் கோடு அறுபடும். மாலையில் கருகிய கோட்டின் நீளத்தை அளந்தால் அன்று எத்தனை மணி நேரம் வெயில் அடித்தது என்று தெரியும். உலகம் முழுக்கப் பல ஊர்களுக்கு இந்தப் பதிவு பல்லாண்டுக் கணக்கில் இருக்கிறது.

வெயில் நேரத்தை ஆற்றலோடு இணைத்தவர் சுவீடனின் ஆங்ஸ்ட்ரோம், 1924-இல். அவர் மேகமற்ற நாளின் கதிர்வீச்சோடு ஒப்பிட்டார். ஆனால் மேகமற்ற நாள் எப்படி இருக்கும் என்பதே ஊருக்கு ஊர் மாறுமே? ஆஸ்திரேலியாவில் பிரெஸ்காட் 1940-இல் அதற்குப் பதிலாக வளிமண்டலத்துக்கு மேலே உள்ள கதிர்வீச்சை வைத்தார். அந்த மாற்றத்தால்தான் இது எல்லா ஊருக்கும் பொதுவான சூத்திரம் ஆனது:

கீழே வந்த பங்கு = 0.25 + 0.50 × (வெயில் நேரம் ÷ பகல் நீளம்)

இந்த இரண்டு எண்களும், உள்ளூர் அளவு எதுவும் இல்லாத இடத்துக்கு ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 1998-இல் வெளியிட்ட பாசனக் கையேடு பரிந்துரைப்பவை. பயிருக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று கணக்கிடவும் இதே கதிர்வீச்சு தேவை என்பதால், சோலார் பேனல் பரவுவதற்கு முன்பே வேளாண் துறை இதைப் பயன்படுத்தி வந்தது. சூத்திரம் சொல்வது எளிது: நாள் முழுக்க மூடிக்கிடந்தாலும் கால் பங்கு வந்துவிடும், மேகமே இல்லாவிட்டாலும் முக்கால் பங்குக்கு மேல் வராது.

ஜனவரியில் சென்னையில் நாளுக்குச் சராசரி 8.5 மணி வெயில் பதிவானதாக வைத்துக்கொள்வோம். 8.5-ஐ 11.3-ஆல் வகுத்தால் 0.75. கீழே வந்த பங்கு 0.625. 8.44-இல் அந்தப் பங்கு 5.28 யூனிட். ஜூனில் மேகம் அதிகம், வெயில் 6.5 மணி மட்டுமே என்போம். பங்கு 0.505-ஆக இறங்குகிறது, ஆனால் மேலே 10.48 இருந்ததால் கீழே 5.29 வருகிறது. இரண்டு மாதங்களும் கிட்டத்தட்ட ஒரே எண்ணில் வந்து நிற்கின்றன. இந்த ஜோடியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அட்டைக்கும் குறைகள் உண்டு. காலையில் தாழ்ந்த வெயில் அட்டையைச் சுடாது, பனி படிந்த கண்ணாடியும் தாமதப்படுத்தும். விட்டுவிட்டு மேகம் வரும் நாளில் தலைகீழ்: சில நொடி வெயிலும் அட்டையை அகலமாகக் கருக்கி, இடைவெளியை மூடிவிடும். அதனால்தான் உலக வானிலை அமைப்பு, நேரடிக் கதிர் சதுர மீட்டருக்கு 120 வாட்டைத் தாண்டினால் மட்டுமே வெயில் என்று வரையறுத்தது. பழைய பதிவுகளோடு புதிய மின்னணுக் கருவியின் பதிவுகளை ஒட்டிப் பார்க்கும்போது இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் விடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

வெயில் நேரமும் இல்லை, வெப்பநிலை மட்டும்தான் இருக்கிறது என்றால்? அதற்கும் வழி இருக்கிறது. மேகமில்லாத நாளில் பகல் சுடும், இரவு குளிரும். மேகம் இருந்தால் இரண்டும் மட்டுப்படும். ஆகவே அன்றைய உச்சத்துக்கும் தாழ்வுக்கும் உள்ள இடைவெளி, வானம் எவ்வளவு தெளிவாக இருந்தது என்று காட்டிக்கொடுக்கும். ஹார்கிரீவ்ஸும் சமானியும் 1982-இல் தந்த சூத்திரத்தில், அந்த இடைவெளியின் வர்க்கமூலத்தை உள்நாட்டில் 0.16-ஆலும் கடலோரத்தில் 0.19-ஆலும் பெருக்க வேண்டும், வருவதுதான் கீழே வந்த பங்கு. ஜனவரிச் சென்னையில் இடைவெளி 8.5 பாகை என்றால் கடலோர எண் 4.67 யூனிட் தரும். உள்நாட்டு எண்ணைப் போட்டால் 3.94. அட்டைக் கணக்கு தந்த 5.28-ஐ இவற்றோடு வைத்துப் பாருங்கள். கடல் அருகில் இருந்தால் காற்றே வெப்பநிலையைச் சமன்செய்துவிடும், மேகத்தின் கைவரிசை தெரியாது. வேறு எதுவுமே இல்லாத இடத்தில்தான் இந்த முறையைத் தொட வேண்டும் என்பது என் கருத்து.

மேகத்தைக் கண்ணால் பார்த்து, வானத்தை எட்டுப் பங்காக்கி எத்தனை பங்கு மூடியிருக்கிறது என்று குறிக்கும் பதிவிலிருந்தும் கணக்கிடலாம். காஸ்டன், செப்லாக் இருவரும் 1980-இல் ஹாம்பர்க் நகரத் தரவிலிருந்து எடுத்த சூத்திரப்படி, பாதி வானம் மூடினால் இழப்பு வெறும் 7 விழுக்காடு. முழுதும் மூடினால்தான் முக்கால் பங்கு போய்விடும். ஆனால் ஹாம்பர்க்கின் மேகம் வேறு, வங்கக் கடலின் மேகம் வேறு.

அளந்தவர்கள்

இந்தச் சூத்திரங்களில் உள்ள எண்கள் எல்லாம் எங்கோ யாரோ ஆண்டுக்கணக்கில் அளந்ததால் கிடைத்தவை. இந்தியாவில் அந்த வேலையை முன்னின்று செய்தவர் அன்னா மணி. 1918-இல் திருவிதாங்கூரின் பீர்மேட்டில் பிறந்தவர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர், பெங்களூரில் சி.வி. ராமனின் ஆய்வகத்தில் வைரங்களின் ஒளிப்பண்புகளை ஆராய்ந்தவர். 1948-இல் புனேயில் வானிலைத் துறையில் சேர்ந்து, அதுவரை வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த கருவிகளை இங்கேயே செய்ய வழிவகுத்தார். 1957-58 சர்வதேச புவி இயற்பியல் ஆண்டையொட்டி நாடெங்கும் கதிர்வீச்சு அளக்கும் நிலையங்களை அமைத்தார். 1980-லும் 1981-லும் அவர் வெளியிட்ட இந்தியக் கதிர்வீச்சுத் தரவு நூல்கள், இங்கே சோலார் கணக்குப் போட்ட ஒரு தலைமுறைப் பொறியாளர்களுக்கு அடித்தளம். தவறான அளவு இருப்பதைவிட அளவே இல்லாதிருப்பது மேல் என்ற கண்டிப்புடையவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். இந்தத் துறைக்கு அதைவிடப் பொருத்தமான குணம் இல்லை.

2011-இல் தொடங்கி, சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் காற்றாற்றல் நிறுவனம் நாடு முழுவதும் தானியங்கிக் கதிர்வீச்சு நிலையங்களை அமைத்தது. முதல் கட்டத்தில் 51. அவற்றில் சூரியனைப் பின்தொடரும் கருவி ஒன்று நேரடிக் கதிரைத் தனியாகவும், நிழல் பந்தால் சூரியனை மறைத்த பைரனோமீட்டர் சிதறிய ஒளியைத் தனியாகவும் அளக்கிறது. ஏன் இரண்டாகப் பிரித்து அளக்க வேண்டும்? சாய்தளத்துக்குப் போகும் வழி அதுதான்.

பிரிக்காமல் சாய்க்க முடியாது

தரைக்கு வரும் வெயிலில் ஒரு பகுதி சூரியனிலிருந்து நேராக வருகிறது. அதற்குத் திசை உண்டு. பேனலைச் சாய்த்தால் அது கூடவோ குறையவோ செய்யும், எவ்வளவு என்பது சுத்தமான வடிவியல். இன்னொரு பகுதி மேகம், தூசி, நீராவி, காற்றின் மூலக்கூறுகள் ஆகியவற்றில் பட்டுச் சிதறி வானம் முழுவதிலிருந்தும் வருகிறது. அதற்குத் திசை இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். சாய்த்தால் வானத்தின் ஒரு துண்டு பேனலுக்குப் பின்னால் போய்விடும், அந்தத் துண்டு அளவுக்குக் குறையும். மூன்றாவதாகத் தரையிலிருந்து எதிரொளிப்பது. சாதாரணத் தரை ஐந்தில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்புவதாகக் கொள்வது வழக்கம்.

மொத்தத்திலிருந்து சிதறல் பங்கை ஊகிக்க வழிசொன்னவர்கள் லியூவும் ஜோர்டனும், 1960-இல். கீழே வந்த பங்கு அதிகமென்றால் வானம் தெளிவு, சிதறல் குறைவு. பங்கு குறைவென்றால் மேகம், சிதறல் அதிகம். தர்க்கம் சரிதான். ஆனால் அவர்கள் வைத்திருந்தது அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத் தரவு. இந்தியத் தரவை வைத்து மோதியும் சுகாத்மேவும் 1979-இல் பார்த்தபோது, அதே தெளிவுக்கு இங்கே சிதறல் கூடுதலாக இருந்தது. அவர்கள் தந்த கோடு: சிதறல் பங்கு = 1.411 − 1.696 × கீழே வந்த பங்கு. நம் ஜனவரிக்கு இது 35 விழுக்காடு என்கிறது. லியூ-ஜோர்டன் 27 என்கிறது. ஜூனுக்கு முறையே 55-உம் 37-உம்.

இப்போது அந்த ஜோடிக்கு வருவோம். சென்னை மாடியில் 13 பாகை சாய்த்து, தெற்கு நோக்கி ஒரு பேனல்.

ஜனவரியின் 5.28-இல் சிதறல் 1.85, நேரடி 3.43. சூரியன் தெற்கே தாழ்ந்து நிற்பதால் அந்தச் சாய்வு நேரடிக் கதிரை 1.18 மடங்காக்கி 4.05-க்குக் கொண்டுபோகிறது. சிதறல் 1.83-ஆகக் குறைகிறது, தரை எதிரொளிப்பு 0.01. மொத்தம் 5.89. தட்டையாக வைத்ததைவிட 11 விழுக்காட்டுக்கு மேல் கூடுதல்.

ஜூனின் 5.29-இல் சிதறல் 2.94, நேரடி 2.35 மட்டும். சூரியன் வடக்கே இருப்பதால் நேரடிக் கதிர் 0.885 மடங்காகி 2.08-க்கு இறங்குகிறது. சிதறல் 2.90. மொத்தம் கிட்டத்தட்ட 5.0. இழப்பு 5 முதல் 6 விழுக்காடு.

தரையில் ஒரே எண், சாய்தளத்தில் 5.89-உம் 5.0-உம். ஒரு மாதம் தரும் லாபமும் இன்னொன்று தரும் நட்டமும் சமமாக இல்லாததைக் கவனியுங்கள். ஜூனில் வெயிலில் பாதிக்கு மேல் சிதறலாக வருவதால், தவறான பக்கம் சாய்ந்திருந்தும் இழப்பு குறைவு. ஜனவரியில் நேரடிக் கதிர் அதிகம் என்பதால் சாய்வின் பலன் முழுதாகக் கிடைக்கிறது. நம் ஊரில் பருவமும் வானமும் இப்படி ஒத்துப்போவதால்தான், சூரியன் நான்கு மாதம் வடக்கே நின்றாலும் தெற்கு நோக்கிய குறைந்த சாய்வு இங்கே வேலை செய்கிறது. ஆண்டு முழுவதையும் கூட்டினால் லாபம் சில விழுக்காடுதான். மழை தூசியைக் கழுவிக்கொண்டு போகும் என்பது தனி நன்மை.

சரி, சிதறல் பங்கு தவறானால் என்ன ஆகும்? 13 பாகைச் சாய்வில் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஜனவரிக்கு மாசசூசெட்ஸ் எண்ணைப் போட்டால் 5.89-க்குப் பதில் 5.97 வரும், அவ்வளவுதான். சாய்வு கூடக் கூடத்தான் தவறு பெரிதாகும். சென்னையில் தெற்கு பார்த்த செங்குத்துச் சுவர் ஒன்றை எடுங்கள். ஜூனில் சூரியன் காலை முதல் மாலை வரை வடக்குப் பக்கமே இருப்பதால் அதன்மேல் நேரடிக் கதிர் படவே படாது. சிதறலில் பாதியும் தரை எதிரொளிப்பும் மட்டும்தான். இந்தியக் கோட்டின்படி 2.0 யூனிட், லியூ-ஜோர்டன்படி 1.5. கட்டடத்துக்குக் குளிர்சாதனத் திறன் கணக்கிடுகிறவருக்கு இது சின்ன வேறுபாடு இல்லை. அதே சுவரில் டிசம்பரில் தரைக்குச் சமமான நேரடிக் கதிர் விழும். லே நகரில் டிசம்பரில் தெற்குச் சுவருக்கு விழும் நேரடிக் கதிர் தரையைப்போல் இரண்டு மடங்கு. லடாக் வீடுகளில் தெற்குச் சுவரை வெப்பம் சேமிக்கும் சுவராகக் கட்டுவதற்கு இந்த வடிவியல்தான் ஆதாரம்.

வானம் முழுக்க ஒரே பிரகாசம் என்ற அனுமானமும் உண்மையில்லை. தெளிந்த நாளில் சூரியனைச் சுற்றி ஒரு பிரகாச வளையம் இருக்கும், தொடுவான விளிம்பும் சற்று வெளுப்பாக இருக்கும். ஹே, டேவிஸ் ஆகியோரின் மாதிரி முதலாவதைச் சேர்த்துக்கொள்கிறது. பெரெஸ் 1990-இல் தந்த மாதிரி இரண்டையும் சேர்க்கிறது. சூரியனை நோக்கிச் சாய்ந்த பேனலுக்கு எளிய மாதிரி சற்றுக் குறைத்தே சொல்லும். தூசியும் மெல்லிய உயர்மேகமும் ஒரே மொத்தத்தைத் தந்தாலும் இந்த வளையத்தை வேறு வேறு விதமாக மாற்றும். எந்தச் சூத்திரமும் இதை முழுதாகப் பிடிப்பதில்லை.

விலைப்புள்ளியின் 4

1 கிலோவாட் பேனல் என்பது, சதுர மீட்டருக்கு 1000 வாட் வெயிலில், 25 பாகை வெப்பத்தில் 1 கிலோவாட் தரும் பேனல். ஆகவே பேனல் தளத்தில் விழும் 5.3 யூனிட் வெயில், இழப்பே இல்லாவிட்டால் 5.3 யூனிட் மின்சாரம். சூடு, தூசி, ஒயர், இன்வெர்ட்டர் என்று கால் பங்கு போனால் மிச்சம் 4. எண் நியாயமானதுதான். ஆனால் அது ஆண்டுச் சராசரி. வடகிழக்குப் பருவமழையில் வாரக்கணக்கில் அதில் பாதிகூட வராமல் போகலாம்.

இன்று பலரும் இந்தக் கணக்கைக் கையால் போடுவதில்லை. சாட்டிலைட் படத்தில் மேகத்தின் வெளுப்பைப் பார்த்துக் கதிர்வீச்சை எடுக்கும் தரவுத்தளங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. நாசாவின் பவர் தளத்தில் கதிர்வீச்சுக் கட்டம் ஒரு பாகை அகலம், சுமார் 110 கிலோமீட்டர். மலையும் அடிவாரமும் ஒரே கட்டத்தில் விழுந்துவிடும். சாட்டிலைட்டும் மொத்தத்தைத்தான் முதலில் தருகிறது, அதைப் பிரிக்கவும் சாய்க்கவும் மேலே சொன்ன அதே சூத்திரங்கள்தான் பின்னால் ஓடுகின்றன.

ராமநாதபுரம் கமுதியில் 2016-இல் வந்த 648 மெகாவாட் நிலையம் போன்ற பெரிய திட்டங்களில் வங்கி சராசரியோடு திருப்தி அடையாது. பத்தில் ஒன்பது ஆண்டுகளில் குறையாமல் கிடைக்கும் அளவு எது என்று கேட்கும். அதற்கு வழக்கமான முறை, இடத்திலேயே ஓராண்டாவது பைரனோமீட்டர் வைத்து அளந்து, அதைக்கொண்டு இருபது ஆண்டு சாட்டிலைட் தொடரில் உள்ள ஒருபக்கப் பிழையைத் திருத்துவது. வீட்டு மாடிக்கு அது கட்டுப்படியாகாது. ஆனால் இன்வெர்ட்டரின் செயலியில் மாதவாரி உற்பத்தி இருக்கிறது. அதை எடுத்து, ஆண்டுச் சராசரியோடு ஒப்பிடாமல், அந்தந்த மாதத்தின் சாய்தள மதிப்பீட்டோடு ஒப்பிட்டால், ஜூனில் குறைந்தது வானத்தாலா தூசியாலா என்று பிரித்துச் சொல்ல முடியும்.